அக்கா சொன்ன ஸ்கோர்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தேன். மோட்டார் போட்டதும் முதலில் துருத் தண்ணீர் வந்தது, பிறகு நல்ல தண்ணீர். அரிசி டப்பாவில் வண்டு. மொட்டை மாடியில் தாளில் கொட்டி வெயிலில் வைத்தேன். எதிர்வீட்டு அம்மாள் வந்து அழுதார். நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்த வருடத்திலிருந்து டைரி எழுதுகிறேன். இந்த வருடம் ஏப்ரலுக்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. சுருக்கமாக இங்கே எழுதிவிடுகிறேன். மகள் பெமினாவின் பிரசவத்துக்காக நானும் என் மனைவி ஜெசிந்தாவும் கோவை போனோம். பேரன் பிறந்தான். மே மாதத்தில் ஒரு மத்தியானம் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா தலை வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு ஊருக்குக் கொண்டுவர முடியாது என்பதால் அங்கேயே அடக்கம் செய்தோம்.

இரவு கஞ்சி. துவையல் அரைக்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கேஸ் வந்தது. வெயில்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, ஜெசிந்தாவின் பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தூத்துக்குடி பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். கால்பந்து சீசன் ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவளுடைய போனில் வந்திருந்தது.

விடிவெள்ளி கால்பந்துக் கழகம் ஜெசிந்தாவின் கழகம். அவளுடைய அப்பா அதற்கு கோல்கீப்பராக இருந்தவர். கூடப்பிறந்தவர்கள் இல்லாததால், அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குத் தூத்துக்குடியில் மிச்சமிருந்தது அந்த மைதானம்தான். கல்யாணமான இரண்டாம் வாரம் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து சொந்த மைதானத்தில் ஆட்டம் என்றால் போய்க்கொண்டிருக்கிறோம். அவள் ஆட்டத்தைப் பார்ப்பாள். நான் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே எல்லாருக்கும் அவள் அக்கா. அதனால் நான் அத்தான். என் பெயர் வியாகுலதாஸ் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

மேற்குப் பக்கத்துச் சிமெண்டுப் படியில் அதே ஆட்கள். டிரம் அடிக்கிற பிரிட்டோ தூரத்திலேயே பார்த்துவிட்டான். ஆட்டோ ஓட்டுகிறவன், குரல் எப்போதும் நாலு தெருவுக்குக் கேட்கும்.

“அத்தான்! வாங்க வாங்க. என்ன, ஒத்தையில வாரீய? அக்காவ எங்க?”

“கோயம்புத்தூர்ல.”

“பேரப்பிள்ளையப் பாத்துக்கிட்டா? அப்பம் இந்த சீசன் பூரா வரமாட்டாவளா?”

“வர முடியாது.”

“கொள்ளாம் போங்க. நம்ம பயலுவளுக்கு இந்த வருசம் ஏச்சு இல்ல” என்று சிரித்தான். உப்பளத்தில் கங்காணியாக இருக்கும் இசக்கிமுத்து அண்ணாச்சி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். அவள் உட்காரும் இடத்தையும் சேர்த்து விட்டார். அங்கே பையை வைத்தேன். பையில் குடை மட்டும் இருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. கோயம்புத்தூரில்தான் இருக்கிறாள்.

ஒன்றுக்கு பூஜ்யம் என்று தோற்றார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பெமினா பேசினாள். அம்மாவின் நம்பரைக் கட் பண்ணிவிடலாமா என்று கேட்டாள். பேங்க் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது என்றேன். அப்படி எதுவும் பாக்கி இல்லை.

இரண்டு போனையும் சார்ஜ் போட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

முடி வெட்டிக்கொண்டேன். அம்மா எப்படி இருக்காங்க சார் என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். கத்திரியை நிறுத்திவிட்டார். “பரவாயில்ல, வெட்டுங்க” என்றேன்.

இங்கே எல்லாருக்கும் சொல்ல முடிகிறது.

ஆகஸ்ட் 23, சனி

அந்தப் படிக்காரர்கள் போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். பெயரே ‘மேற்குப் படி’ என்றுதான். ஆட்டத்துக்கு முதல் நாள் ஜெசிந்தா அதில் ஸ்கோர் சொல்ல வேண்டும். அது வழக்கம். சொன்னது ஒருபோதும் பலித்ததில்லை என்பதால்தான் அதில் அவர்களுக்கு அத்தனை சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

இன்றைக்குச் சாயங்காலம் பிரிட்டோ போட்டிருந்தான்: ‘அக்கா, கோயம்புத்தூர் போயி எங்கள மறந்தாச்சா. ஸ்கோர் சொல்லுங்க.’ அடியில் வேறு சிலரும் ‘அக்கா அக்கா’ என்று போட்டிருந்தார்கள்.

சோறு வடித்தேன். கத்திரிக்காய் நறுக்கினேன். திரும்ப வந்து பார்த்தபோது இன்னும் சிலர் கேட்டிருந்தார்கள்.

2-1 என்று தட்டி அனுப்பினேன்.

கை தட்டுகிற படங்கள், சிவப்பு இதயங்கள், ஒரு ஆடும் யானை. யானை இசக்கிமுத்து அண்ணாச்சியுடையது. அவள் இருந்தால் என்ன போடுவாளோ என்று பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தேன். பச்சை இதயம் போடுவாள். விடிவெள்ளிக்குப் பச்சைச் சட்டை. தேடிப் பிடித்துப் போட்டேன்.

கத்திரிக்காய் அடிப்பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தோற்றோம். புளிக்குழம்பு மீதி இருந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெமினா போன். பேரனுக்குக் கழுத்து நின்றுவிட்டது. “அங்க தனியா என்னப்பா செய்யறீங்க? வீட்ட வாடகைக்கு விட்டுட்டு வந்துருங்க.”

“பதினாலாம் தேதி மேட்ச் இருக்கு.”

“உங்களுக்கு புட்பால் புடிக்காதேப்பா.”

“இந்தத் தடவையும் தோத்தா அடுத்த வருசம் இரண்டாம் டிவிஷன்ல போட்டுருவாங்களாம்” என்றேன்.

“சாப்பிட்டீங்களா” என்று கேட்டாள்.

செப்டம்பர் 13, சனி

ஸ்கோர் கேட்டார்கள். 1-0 என்று அனுப்பினேன்.

உடனே பிரிட்டோ: ‘என்னக்கா இது? ஒத்த கோல் கஞ்சனுக்குள்ளதுன்னு நீங்கதான சொல்லுவிய?’

அப்படிச் சொல்வாளா? என்னிடம் சொன்னதில்லை. அல்லது சொல்லும்போது நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ‘ஜெயித்தால் போதும்’ என்று பதில் போட்டேன். ‘ஜெயிச்சா போதும்’ என்று போட்டிருக்க வேண்டும். யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மைதானம் நிறைந்திருந்தது. மதுரை அணியோடு ஆட்டம். காற்றில் மணல் பறந்தது. எனக்கு ஆட்டம் புரியாது. பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தலையைத் திருப்புவேன். முதல் பாதியில் கோல் இல்லை. இசக்கிமுத்து அண்ணாச்சி இடைவேளையில் எல்லாரையும் ஏசினார். கோச், ரெஃபரி, புல் வெட்டாத நகராட்சி, ஒருவரையும் விடவில்லை. “அக்கா இருந்திருந்தா இந்நேரம் லைன்கிட்ட போயி நின்னு விசிலடிச்சிருப்பாவ” என்று யாரோ சொன்னார்கள். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பாள். உண்மைதான்.

இரண்டாம் பாதி முடியப் போகிற நேரம். மாற்று ஆட்டக்காரனாக வந்த அந்தோ என்கிற ஒல்லிப் பையன் பந்தை இடுப்பில் வாங்கி, விழுந்து, விழுந்தபடியே உதைத்தான். பந்து ஒருவன் காலில் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. ஒரு கணம் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. கோல்தான் என்று ரெஃபரி நடுவட்டத்தைக் காட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. படி முழுவதும் எழுந்து சரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். பிரிட்டோ அடித்த அடியில் டிரம்மின் தோல் கிழிந்தது, கிழிந்ததிலேயே அடித்தான். கடைசி விசில் ஊதியதும் கம்பியைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். சம்மனசு என்கிற மீன்கார அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி, கோல்கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். இசக்கிமுத்து அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. என்னை யாரோ தூக்கினார்கள். பிறகு இறக்கினார்கள். என் சட்டையெல்லாம் மற்றவர்களின் வியர்வை.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல இருந்தது. சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. சிரித்தேன்.

“லேய்! ஒண்ணுக்கு ஜீரோ! அக்கா சொன்னது!” என்று பிரிட்டோ கத்தினான். “பலிச்சிட்டுல! அக்கா சொன்ன ஸ்கோரு பலிச்சிட்டு!” எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா, அக்கா என்று கை தட்டினார்கள். “இருங்க, அக்காவுக்குப் போனப் போடுதேன். இந்தச் சத்தத்த அவுக கேக்கட்டும்” என்று போனைக் காதில் வைத்து, மறு கையைத் தூக்கி எல்லாரையும் அமர்த்தினான். எல்லாரும் குதிக்கக் காத்திருந்தார்கள்.

என் சட்டைப் பையில் அது அதிர்ந்தது.

நான் அசையவில்லை. நின்றுவிடும் என்று நினைத்தேன். மெல்லிய வெள்ளைச் சட்டை. வெளிச்சம் துணி வழியாகத் தெரிந்திருக்க வேண்டும். இசக்கிமுத்து அண்ணாச்சி துண்டை இறக்கிவிட்டு, “அத்தான், ஒங்க பையில போன் அடிக்கு” என்றார்.

எடுத்தேன். ‘டிரம் தம்பி’ என்று திரையில் வந்தது. அவள் அப்படித்தான் அவனைச் சேமித்து வைத்திருக்கிறாள். பிரிட்டோ என் கையைப் பார்த்தான். தன் காதிலிருந்து போனை எடுத்து அதைப் பார்த்தான்.

“அக்கா போன மறந்து வச்சிட்டுப் போயிட்டாவளா?”

ஆமா என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதிலை அவனே கையில் எடுத்துக் கொடுத்தான்.

“அக்கா இல்ல, பிரிட்டோ” என்றேன்.

“இல்லன்னா?”

“இறந்துட்டா. மே மாசம். கோயம்புத்தூர்ல.”

“நேத்து மெசேஜ் போட்டாவள்ளா?”

“நான்தான் போட்டேன்.”

மைதானத்தில் அந்தோவைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பின்னால் இருந்த ஒருவர் விஷயம் தெரியாமல் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

பிரிட்டோ என்னை அடித்துவிடுவான் என்று நினைத்தேன். குரல் எழும்பாமல் பேசினான். அவனுக்கு அப்படியும் பேச வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

“எனக்குக் கொழந்த செத்துப் பொறந்தப்பம் ஆசுபத்திரியில எங்கூட இருந்தது அவுகதான். தெரியுமா ஒங்களுக்கு? ஒரு பிடி மண்ணு போட விடலியே அத்தான். நாங்க இங்க டிரம் அடிச்சி ஆடிக்கிட்டுக் கெடக்கோம். ஒங்க பொண்டாட்டின்னா, எங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?”

எனக்குத் தெரியாது. முன்பு ஒரு தடவை ஒரு வாரம் தூத்துக்குடியில் தங்கினாள், கழகத்து வேலை என்று சொன்னாள். அதுவாக இருக்கும்.

கிழிந்த டிரம்மைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ்ஸில் பச்சைச் சட்டைப் பையன்கள் வழியெல்லாம் பாடினார்கள். எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். தின்றேன்.

செப்டம்பர் 15, திங்கள்

துணி துவைத்தேன். மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

குரூப்பில் யாரும் எதுவும் எழுதவில்லை. ஜெயித்த பேச்சுகூட இல்லை. சாயங்காலம் சம்மனசம்மா ஒரு போட்டோ மட்டும் போட்டார். படியில் ஜெசிந்தா எழுந்து நின்று யாரையோ திட்டுகிறாள். கழுத்து நரம்பு தெரிகிறது. வீட்டில் அவள் இப்படிச் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஓரத்தில் ஒரு முழங்கையும் அவளுடைய பையும் தெரிகின்றன. முழங்கை என்னுடையது.

அடக்கத்துக்கு வைத்த போட்டோவில் அவள் சிரிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆதார் கார்டுக்காக எடுத்தது.

செப்டம்பர் 20, சனி

இசக்கிமுத்து அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். விலாசம் விசாரித்து வந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு மாலை. சுவரைப் பார்த்தார். படம் மாட்டவில்லை என்று சொன்னேன். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, ஃபிரிட்ஜின் மேல் வைத்தார்.

டீ போட்டேன். சர்க்கரை அதிகமாகிவிட்டது. குடித்தார்.

“ஏன் சொல்லல?” என்று கேட்டார். அதட்டலாக இல்லை.

யோசித்தேன். “மொத நாளே சொல்லத்தான் வந்தேன் அண்ணாச்சி. பிரிட்டோ ‘அக்காவ எங்க’ன்னு கேட்டான். இங்க யாரும் அப்படிக் கேக்கதில்ல. எல்லாருக்கும் தெரியும்.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு வெகுநேரம் ஆட்டத்தைப் பற்றியே பேசினார். கீழ் டிவிஷனுக்குப் போகாமல் தப்பிவிட்டோமாம். அடுத்த ஆட்டம் வெளியூரில், இருபத்தெட்டாம் தேதி.

“எந்த ஊருன்னு பாத்தீயளா?”

பார்க்கவில்லை.

“கோயம்புத்தூரு. வேன் பேசியாச்சு. அக்காவப் பாத்துட்டு மைதானத்துக்குப் போறோம். எடம் காட்ட ஆள் வேணும்லா.”

“பிரிட்டோ?”

“அவன்தான் வேன் பிடிச்சதே. ஒங்ககிட்ட பேசுவானான்னு தெரியல. வண்டியில எடம் போட்டிருக்கான்.”

செப்டம்பர் 25, வியாழன்

பெமினாவிடம் சொன்னேன். “எத்தன பேருப்பா வர்றாங்க?” என்றாள். ஒரு வேன் என்றேன். “யாருப்பா இவங்கல்லாம்?” என்று கேட்டாள். அம்மாவின் ஆட்கள் என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு. கோவை

நேற்றுச் சாயங்காலம் கிளம்பினோம். வேனில் பிரிட்டோ டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை. சம்மனசம்மா வழி நெடுக எனக்கு வடை கொடுத்துக்கொண்டே வந்தார்.

விடிந்ததும் பெமினா வீட்டில் முகம் கழுவி, எல்லாரும் பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டார்கள். பேரனைக் கைமாற்றிக் கைமாற்றி வைத்துக்கொண்டார்கள். அவனும் அழவில்லை. பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மண்மேடு தாழ்ந்திருந்தது. புல் வந்திருந்தது. இன்னும் கல் வைக்கவில்லை. மரச் சிலுவையில் பெயர் மட்டும். நான் ‘இதுதான்’ என்று காட்டினேன். கடையில் ஒரு சாமானைக் காட்டுவதுபோல இருந்தது.

சம்மனசம்மா உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டார்கள். பிரிட்டோ கடைசியில் வந்தான். மண்ணை எடுத்தான், போட்டான். பிறகு தூரத்தில் இருக்கிற ஆளிடம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தான்.

“எக்கா, மதுரைக்காரன ஒண்ணுக்கு ஜீரோன்னு அடிச்சாச்சி. அந்தோ பயதான். நீங்க வேஸ்ட்டுன்னு சொல்லுவியள்ளா, அவனேதான். பந்த இடுப்புல வாங்குனான். விழுந்துட்டான். விழுந்தவன் எந்திக்கல, கெடந்தவாக்குல வச்சி உட்டான் பாருங்க…”

முழு ஆட்டத்தையும் சொன்னான், அக்காவின் விசில் இல்லாத குறையையும் சேர்த்து. இசக்கிமுத்து அண்ணாச்சி நடுவில் திருத்தினார். பெமினா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். “அம்மாவா? விசிலடிப்பாங்களா?” என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

வெளியே வரும்போது பிரிட்டோ என் பக்கத்தில் நடந்தான். “எனக்குக் கோவம் போவல அத்தான்” என்றான். “போவாது போலுக்கு. வாங்க, மேட்ச்சுக்கு நேரமாச்சி.”

ஆட்டம் மோசம். கோவைக்காரர்கள் மூன்று கோல் போட்டார்கள். நாங்கள் ஒன்றுகூட இல்லை. இந்தத் தோல்வியால் நஷ்டமும் கிடையாது. கீழே போக மாட்டோம், மேலேயும் போக மாட்டோம். மூன்றாவது கோல் விழுந்தபோது நம் கோல்கீப்பர் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்தான். எடுத்தவன் அதை உதைக்காமல், இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். அவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கையால் பொத்தினேன், நிற்கவில்லை. குனிந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டேன். உடம்பு முழுவதும் ஆடியது. இருமல் மாதிரி வந்துகொண்டே இருந்தது. மூக்கு ஒழுகியது. இப்படி நான் அழுததில்லை, அடக்கத்தன்றும்கூட.

முதுகில் ஒரு கை. அடுத்த வரிசையில் இருந்த கோவைக்காரர் ஒருவர் எழுந்து வந்திருந்தார். நீலச் சட்டை, கழுத்தில் அவர்கள் கழகத்துத் துண்டு. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

“விடுங்ண்ணா. ஆட்டம்னா அப்படித்தானுங்க. இதுக்குப் போயி இப்படி அழுவாங்களா? அடுத்த வருசம் நீங்க அடிப்பீங்க, நாங்க அழுவோம்.”

தண்ணீரை வாங்கிக்கொண்டேன். பாதி சட்டையில் கொட்டியது.

அவர் பிரிட்டோவைப் பார்த்தார். “ஏனுங்க, அண்ணன் எப்பவுமே இப்படித்தானுங்களா?”

பிரிட்டோ என்னருகே வந்து ஒட்டி உட்கார்ந்தான்.

“பின்ன? மூணு கோலுல்லா அண்ணே” என்றான். “எப்படித் தாங்கும்?”